பல்லேடியமா, பிளாட்டினம்-பிஸ்மத்தா, தங்கத்தில் தூவிய பிளாட்டினமா?

குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்துக்குப் போனவர்களுக்கு அந்த நெடி மறக்காது. வடிகட்டிய ரப்பர் பாலைத் தட்டில் ஊற்றி, தண்ணீர் கலந்த ஆசிட்டைச் சேர்த்துக் கிளறுவார்கள். பால் தயிர்போல உறைந்து, ஷீட் அடிக்கத் தயாராகிவிடும். அந்த ஆசிட்தான் ஃபார்மிக் அமிலம். அதையே எரிபொருள் கலத்தில் எரிபொருளாக ஊற்றி நேரடியாக மின்சாரம் எடுக்கலாம். அதற்கு எந்த வினையூக்கி நல்லது என்பதுதான் தலைப்பிலுள்ள கேள்வி.

எதற்கு இந்த அமிலம், மெத்தனால் இருக்கிறதே என்று கேட்பது நியாயம். ஒரு லிட்டரில் அடங்கும் ஆற்றலைப் பார்த்தால் மெத்தனாலில் பாதிகூட ஃபார்மிக் அமிலத்தில் இல்லை. ஆனால் மெத்தனால், கலத்தின் நடுவில் புரோட்டான்களைக் கடத்தும் நாஃபியான் என்ற பாலிமர் சவ்வைத் தாண்டி மறுபக்கம் கசிந்துவிடும். அதனால் அதை நீர்க்கவைத்தே ஊற்ற வேண்டியிருக்கிறது. ஃபார்மிக் அமிலம் அவ்வளவாகக் கசிவதில்லை, அடர்த்தியாகவே ஊற்றலாம். கோட்பாட்டளவில் கிடைக்கும் மின்னழுத்தமும் அதிகம்: இதற்கு 1.48 வோல்ட், மெத்தனாலுக்கு 1.21.

சிக்கல் வினையூக்கியில். ஃபார்மிக் அமிலம் உடைய இரண்டு வழிகள் உண்டு என்று மின்வேதியியலாளர்கள் கேப்பனும் பார்சன்ஸும் 1973-லேயே எழுதினார்கள். ஒரு வழியில் நேராகக் கார்பன் டை ஆக்சைடாகிவிடும். இன்னொரு வழியில் தண்ணீரை இழந்து கார்பன் மோனாக்சைடாகும். அது பிளாட்டினத்தின் மேல், பஸ் சீட்டில் துண்டு போட்டு இடம் பிடிப்பதுபோல, ஒட்டிக்கொண்டு நகராது. சோதனை வரைபடத்தில் இது கண்ணுக்கே தெரியும். சுத்தமான பிளாட்டினத்தில் மின்னழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போனால் மின்னோட்டத்தில் 0.3 வோல்ட் அருகே சின்ன மேடு, 0.7 அருகே பெரிய மேடு. அந்தப் பெரிய மேட்டில்தான் ஒட்டியிருந்த மோனாக்சைடு எரிந்து இடம் காலியாகிறது. திரும்பி இறங்கும்போது மின்னோட்டம் குபீரென்று எழும். உட்கார இடம் கிடைத்துவிட்டதே! கலம் ஓடும்போது எரிபொருள் பக்க மின்முனை இருப்பது தாழ்ந்த மின்னழுத்தத்தில் என்பதால் நமக்கு வேண்டியது அந்த முதல் மேடு.

மெத்தனால் கலத்தின் நாயகனான பிளாட்டினம்-ருத்தேனியத்தை இங்கே சீக்கிரமே ஒதுக்கிவிடலாம். ருத்தேனியம் மோனாக்சைடை எரிக்க உதவுகிறது. அது உருவாவதைத் தடுக்கவில்லை.

பல்லேடியம் வேறு ரகம். அது பெரும்பாலும் நேர்வழியிலேயே போகிறது. இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் மேசல் குழு 2000-களின் தொடக்கத்தில், அறை வெப்பநிலையிலேயே அதைக்கொண்டு நல்ல திறன் எடுத்துக் காட்டியது. முதல் மணி நேரத்தில் இதை அடிக்க ஆளில்லை. பிறகுதான் சோர்வு தட்டுகிறது: மின்னோட்டம் சரிந்துகொண்டே வரும். மின்னழுத்தத்தைச் சற்று நேரம் உயர்த்தினால் உயிர் வரும், மறுபடி சரியும். அமிலத்தில் கரையும் பழக்கமும் உண்டு. கோபால்ட், நிக்கல், செம்பு சேர்த்தால் வீரியம் கூடுகிறது, பல்லேடியமும் மிச்சம். ஆனால் அந்த உலோகங்கள் கரைந்து சவ்வுக்குள் புகுந்து, புரோட்டான் போகும் இடங்களை அடைத்துக்கொள்கின்றன. மலிவு என்ற வாதமும் நிலையானதல்ல. 2019-இல் பல்லேடியம் தங்கத்தையே விலையில் மிஞ்சியது.

பிளாட்டினம்-பிஸ்மத் எனக்கு மிகவும் பிடித்த யோசனை. மோனாக்சைடு உருவாகப் பக்கத்துப் பக்கத்தில் பல பிளாட்டினம் அணுக்கள் வேண்டும். இடையிடையே பிஸ்மத்தை உட்காரவைத்தால் அந்த வழி அடைபடும், நேர்வழி திறந்தே இருக்கும். கார்னெல் பல்கலைக்கழகத்தில் அப்ருன்யா குழு இதை ஒழுங்கான அணு வரிசையோடு செய்து காட்டியது. நானோ அளவில்தான் தொல்லை: அணுக்களை வரிசைப்படுத்தச் சூடேற்ற வேண்டும், சூடேற்றினால் துகள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து பருத்துவிடும். மேற்பரப்பு பிஸ்மத் அமிலத்தில் கரைந்து வெளியேறவும் செய்கிறது.

தங்கத் துகளின் மேல் பிளாட்டினத்தைத் தூவினாலும் அதே பிரிவினைதான் நடக்கிறது. ஆனால் கலம் ஓடும் மின்னழுத்தத்தில் தங்கம் கரையாது. பிளாட்டினமும் மேலே மெல்லிதாக இருந்தால் போதும். குறை என்று சொன்னால், நாளடைவில் தங்கம் மேலே ஏறிப் பிளாட்டினத்தை மூடப் பார்க்கும்.

எதை எடுத்தாலும் தாங்கிப் பிடிக்கும் கார்பன் முக்கியம். வழக்கமாகப் பயன்படுத்தும் வல்கன் என்ற கரித்தூளில் நுண்துளைகள் உலோகத் துகளை விழுங்கிவிடும். அங்கே போனது வேலைக்கு ஆகாது. கார்பன் நானோகுழாயின் (கார்பனாலான மிக நுண்ணிய குழாய்) சுவர் வெளியே திறந்திருக்கிறது, மின்சாரமும் தடையின்றி ஓடும். ஆனால் சுவர் வழவழப்பு, உலோகம் ஒட்டாது. நைட்ரிக், சல்ஃப்யூரிக் அமிலக் கலவையில் கொதிக்கவைத்தால் ஒட்டும். முன்பு தண்ணீரில் கட்டி கட்டியாக மிதந்த கரித்தூள் இப்போது மைபோலக் கலந்து நிற்கும். அந்த அழகுக்கு விலை உண்டு: அமிலம் கடித்த இடங்களில்தான் பின்னாளில் கார்பன் அரிக்கத் தொடங்கும். நேர்மின்னேற்றமுள்ள பாலிமரைக் குழாயின் மேல் சுற்றி, அதில் உலோக அயனிகளைப் பிடிப்பது சுவரைக் கெடுக்காத வழி. குழாய் வளர்க்கப் பயன்பட்ட இரும்பும் நிக்கலும் மிச்சமிருக்கின்றனவா என்றும் பார்த்துக் கழுவ வேண்டும். இல்லாவிட்டால் அளவீட்டில் வரும் எண் எந்த உலோகத்துடையது என்றே தெரியாது.

சில மணி நேரம் ஓடினால் போதும், இடையில் நிறுத்திப் புதுப்பிக்கலாம் என்றால் பல்லேடியத்தையே எடுப்பேன். நாள்கணக்கில் ஆள் பார்க்காமல் ஓட வேண்டும் என்றால், பாலிமர் சுற்றிய குழாயில் தங்கத்தின் மேல் தூவிய பிளாட்டினம். பிஸ்மத்தை அமிலத்தில் கரையாமல் பிடித்துவைக்க யாராவது வழி கண்டால் அன்றே என் முடிவை மாற்றிக்கொள்வேன். ஆய்வுக் கட்டுரைகளில் உச்ச மின்னோட்டத்தைத்தான் கொட்டை எழுத்தில் போடுகிறார்கள். நான் முதலில் தேடுவது, ஒரே மின்னழுத்தத்தில் 3600 நொடி ஓடவிட்டு வரைந்த மின்னோட்டக் கோட்டின் கடைசி நுனியை.