650 ரூபாய் லத்தீன் அகராதி

மட்டக்களப்பு புளியந்தீவில் பழைய புத்தகக் கடையொண்டில வாங்கின லத்தீன் கையகராதி. 800 சொன்னவர், 650க்குத் தந்தார். அட்டை கழண்டு கிடக்கு, எழுத்து எறும்பு மாதிரி.

ஆசைக்கே எத்தனை சொல்! 'குபிதித்தாஸ்' பேராசைப் பக்கம் சாயும். 'லிபிதோ' மனம்போன இச்சை, காமமும்தான். 'தெசிதேரியும்' கண்டதும் நிண்டுட்டன்: கையில இல்லாததை, இழந்ததை நினைச்சு ஏங்குறது. கட்டாரில இருக்கிற மகனை நினைச்சு எங்கட பெரியம்மா இடியப்பம் அவிக்கக்குள்ள விடுற பெருமூச்சு அதுதான்.

கடைசிப் பக்கங்கள் இல்ல. 'உமது சித்தம்' எண்டு செபத்தில வாற 'வொலுந்தாஸ்' அதோட போச்சு. பாதரிட்டக் கேட்டன்: பழைய ரோம அறிஞர் சிசரோ அந்தச் சொல்லை அறிவோட விரும்புறதுக்கு வச்சவராம். வாங்கமுதல் கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பாருங்க.