மூன்று வருஷ மனப்பயிற்சி: என் கோல்ஃபுக்கு எது உதவியது, எது உதவவில்லை

சென்னை நந்தனம் கோல்ஃப் மைதானத்தில் விடிகாலையில் ஆடும் கூட்டத்தில் நானும் ஒருவன். மூன்று வருஷத்துக்கு முன் என் ஹேண்டிகேப் (ஆட்டத் தரத்தைக் காட்டும் எண்; குறையக் குறைய நல்லது) 22-ல் வந்து நின்றுவிட்டது. ஸ்விங்கில் பெரிய கோளாறு இல்லை என்று கோச் சொல்லிவிட்டார். பயிற்சிக்கு அடிக்கும் இடமான ரேஞ்சில் பந்து பந்தாக நேராகப் போகும்; ஆட்டம் தொடங்கும் இடமான முதல் டீயில் நாலு பேர் பார்க்க நின்றால் தோள் இறுகிவிடும். அப்போதுதான் மனப்பயிற்சி பக்கம் திரும்பினேன். இன்று ஹேண்டிகேப் 15. கடைசி 20 ரவுண்டில் சிறந்த 8-ன் சராசரியை வைத்து வருகிற எண் இது. ஒரு நல்ல நாளால் மட்டும் இவ்வளவு இறங்காது.

முதலில் ஒரு கட்டண ஆப். ஆறு மாதம், தினமும் பதினைந்து நிமிடம் கண்ணை மூடி, நல்ல ஷாட்டைக் கற்பனை செய்தேன். தூக்கம் நன்றாக வந்தது, ஸ்கோர் அசையவில்லை. சந்தாவை நிறுத்திவிட்டேன்.

இந்தியத் தொழில்முறை கோல்ஃபர் அனிர்பன் லாஹிரி விபாசனா தியானம் செய்பவர் என்று படித்திருந்தேன். சென்னையை அடுத்த திருமுடிவாக்கத்தில் உள்ள விபாசனா மையமான தம்ம சேதுவில் பத்து நாள் இருந்தேன். கோல்ஃபுக்காகப் போகிற இடமல்ல அது; காலை நாலு மணிக்கு எழுந்து, யாரோடும் பேசாமல், உடம்பில் ஓடும் உணர்ச்சிகளைக் கவனிப்பதுதான் வேலை. ஆனால் அங்கிருந்து நான் கொண்டுவந்த ஒன்று எந்த ஆப்பும் தராதது: பந்தைக் குழிக்குள் உருட்டும் மட்டையான பட்டரைப் பிடித்த விரல்கள் இறுகத் தொடங்கும் அந்த நொடியே எனக்குத் தெரிந்துவிடுகிறது. முன்பெல்லாம் பட் (அந்த உருட்டல் அடி) தவறிய பிறகுதான் தெரியும். இப்போது பந்தை விட்டு விலகி, ஒரு மூச்சு விட்டு, மறுபடி நிற்கிறேன்.

அடுத்தது கண். மட்டைப் பையைச் சுமக்கும் எங்கள் கேடி அண்ணன், கப் என்கிற குழியைச் சுற்றிய குறும்புல் பரப்பான கிரீனில் எப்போதும் ஒன்றுதான் சொல்வார்: "சார், கப்பு லெஃப்ட் எட்ஜ். தலையத் தூக்காதீங்க, பால் போனப்புறம் பாக்கலாம்." கனடாவின் கால்கரி பல்கலைக்கழகத்தில் ஜோன் விக்கர்ஸ் 1992-ல் வெளியிட்ட ஆய்வும் இதையே காட்டுகிறது. தேர்ந்த ஆட்டக்காரர்கள் பட் அடிக்கும் முன் பார்வையைப் பந்தின் மேல் நிலையாக நிறுத்துகிறார்கள். அடித்த பிறகும் சற்று நேரம் அது அங்கேயே நிற்கிறது. நான் செய்வது இவ்வளவுதான்: பந்து இருந்த இடத்துப் புல்லைப் பார்த்தபடி, பந்து கப்பில் விழும் சத்தத்துக்குக் காத்திருப்பேன்.

இதை வீட்டு ஹாலில் பழகினேன். மொசைக் தரை வழுக்கும் என்பதால் மேட் விரித்து, நாலடி தூரத்தில் எவர்சில்வர் டம்ளரைப் படுக்க வைப்பேன். கோல்ஃப் கப்பின் விட்டம் 108 மில்லிமீட்டர். டம்ளரின் வாய் அதைவிடக் குறுகல். தொடர்ந்து இருபது உள்ளே போனால்தான் காபி. பத்தொன்பதாவது தவறினாலும் மறுபடி ஒன்றிலிருந்து. "டேய், டிகாக்‌ஷன் ஆறிப்போச்சு, இன்னும் எத்தனை பாக்கி?" என்று அடுக்களையிலிருந்து அம்மா கேட்கும்போது பதினெட்டாவது பந்தில் வரும் படபடப்பு, கிரீனில் மூன்று பேர் முன் வரும் அதே படபடப்புதான். அதோடு தினமும் பழகிக்கொண்டேன். ஒரு ரவுண்டுக்கு 38 பட் அடித்துக்கொண்டிருந்தவன் இப்போது 33-க்கு வந்திருக்கிறேன்.

ரேஞ்சிலும் ஒரு மாற்றம். 7 அயர்ன் என்கிற ஒரே மட்டையில் ஐம்பது பந்து அடிப்பதை விட்டேன். தூரம் அடிக்கும் டிரைவர், பிறகு அயர்ன், பிறகு கிட்டத்து அடிக்கான வெட்ஜ் என்று மைதானத்தில் ஆடுகிற வரிசையிலேயே, ஒவ்வொரு பந்துக்கும் பின்னால் போய் நின்று இலக்கைப் பார்த்துவிட்டு அடிப்பேன். ரேஞ்சில் ஆட்டம் மோசமானதுபோல் தெரியும். முதல் இரண்டு மாதம் விட்டுவிடலாமா என்றுகூடத் தோன்றியது. பொறுங்கள். மைதானத்தில் எந்தப் பந்துக்கும் இரண்டாவது வாய்ப்பு கிடையாது. அந்த உணர்வை ரேஞ்சிலேயே கொண்டுவருவது இந்த முறை மட்டும்தான்.

டீ ஷாட்டில் முன்னேற்றம் குறைவு என்பதையும் சொல்ல வேண்டும். மே மாத வெயிலில் பதின்மூன்றாவது ஹோலுக்கு மேல் மூச்சுப் பயிற்சியும் கைகொடுப்பதில்லை. அங்கே உப்புப் போட்ட மோரும் தண்ணீரும்தான் உதவுகின்றன.

இருபது இப்போது முப்பதாகிவிட்டது. கடைசி ஐந்து பந்து இருக்கும்போதுதான் அம்மா பாலை அடுப்பில் வைக்கிறார்.