காட்பாடி வெயிலும் கடை யூபிஎஸ்ஸும்

காட்பாடியில் சின்னதாக ஒரு டிடிபி, ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கரண்ட் போனாலும் கம்ப்யூட்டரைக் கொஞ்ச நேரம் ஓட வைக்க 2017-ல் வாங்கிய 600 விஏ யூபிஎஸ் பெட்டி இன்னும் ஓடுகிறது. பேட்டரிதான் மூன்றாவது.

முதல் பேட்டரி இரண்டு வருஷத்தில் போய்விட்டது. கரண்ட் நின்றதும் ஒரு பீப் சத்தம், அடுத்த நொடி கம்ப்யூட்டரும் அணைந்தது. பாதி முடித்திருந்த கல்யாணப் பத்திரிகையும் போச்சு. அடிக்கடி கரண்ட் போவதால்தான் பேட்டரி செத்தது என்று நினைத்தேன். மாற்ற வந்த தம்பி பெட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "அண்ணா, மொதல்ல இத இங்கேர்ந்து எடுத்துடுங்க" என்றார். மேலே ஷீட் கூரை, பின்னால் சாயந்திர வெயில் அடிக்கும் சுவர், காற்றுத் துளைகளை அடைத்தபடி பேப்பர் கட்டு. இந்த வகை லெட்-ஆசிட் பேட்டரிக்கு 25 டிகிரி சூடுதான் ஒத்துவரும். அதற்கு மேல் 10 டிகிரி ஏறினால் ஆயுள் ஏறத்தாழ பாதியாகிவிடும். அக்னி நட்சத்திரத்தில் நம் ஊர் 40-ஐத் தாண்டுவது தெரிந்ததுதானே. எதிர்ச்சுவரோரம் ஸ்டூல் போட்டு வைத்தேன். அடுத்த பேட்டரி நாலு வருஷம் உழைத்தது.

600 விஏ என்றால் 600 வாட் இல்லை. என்னுடையது 360 வாட்தான் தாங்கும். கம்ப்யூட்டருக்கும் மானிட்டருக்கும் புது பேட்டரியில் கால் மணி நேரம் கிடைக்கும். சேவ் பண்ணி ஒழுங்காக அணைக்க அது போதும். லேசர் பிரிண்டரை மட்டும் இதில் மாட்டவே மாட்டாதீர்கள். டோனரை உருக்கும் ஃபியூசர் சூடேறும்போது இழுக்கும் கரண்ட்டை இது தாங்காது.

சாயந்திரம் லோ வோல்டேஜ் வந்தால் உள்ளே ரிலே என்ற சின்ன சுவிட்ச் டிக் டிக் என்று அடிக்கும். பயப்பட வேண்டாம், பேட்டரியைச் செலவழிக்காமலே வோல்டேஜைத் தூக்கிக் கொடுக்கிறது.

இது காப்பாற்றாத ஒன்றும் உண்டு. 2021 ஐப்பசி மழையில் பக்கத்தில் இடி விழுந்து ரவுட்டரும் மதர்போர்டில் நெட் ஒயர் மாட்டும் லேன் போர்ட்டும் கருகின. இடி வந்தது நெட் ஒயர் வழியாக. அப்போது எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்ததில், யூபிஎஸ் மாட்டியிருந்த பிளக் பாயின்ட்டில் எர்த் ஒயரே இல்லை! நாலு வருஷம் அப்படியே ஓட்டியிருக்கிறேன். எர்த் இல்லாமல் திடீர் உயர் வோல்டேஜை அது எங்கே தள்ளும்? அன்றே எர்த் இழுத்தேன். இப்போதெல்லாம் இடி கேட்டால் நெட் ஒயரையும் கழற்றிவிடுகிறேன்.

மாதம் ஒருமுறை கடை மூடும் முன் எல்லாவற்றையும் சேவ் பண்ணிவிட்டு, பிளக்கைப் பிடுங்காமல் சுவிட்சை மட்டும் அணைத்து, எத்தனை நிமிஷம் தாங்குகிறது என்று பெட்டி மேல் ஒட்டிய தாளில் எழுதுகிறேன். 15-ல் ஆரம்பித்தது. போன மாதம் 11.