மயக்க டாக்டரைப் பார்க்காமல் பகல் ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போடாதீர்கள்

அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, சேரன்மகாதேவி பக்கத்திலிருந்து ஆபரேஷனுக்குத் திருநெல்வேலி போகிறவர்கள் இதைப் பொறுமையாகப் படியுங்கள். "காலையில வாங்க, சாயங்காலம் வீட்டுக்குப் போயிரலாம்" என்று சொல்லும் ஏற்பாட்டை நான் குறை சொல்லவில்லை. அப்பாவுக்கு அறுவை செய்த சர்ஜனும் நல்ல கைராசிக்காரர், தையல் சுத்தமாக ஆறிவிட்டது. ஏமாற்றினது மயக்க மருந்து விஷயத்தில்.

அப்பாவுக்கு எழுபதை நெருங்கும் வயசு, சர்க்கரையும் உண்டு. வாழைத்தார் தூக்கித் தூக்கிக் குடல் இறங்கிவிட்டது. தேதி குறித்தபோது வரவேற்பில் இருந்த பெண் சொன்னது, "ராத்திரிக்கு மேல பச்சைத் தண்ணி பல்லுல படக்கூடாது." சர்க்கரை மாத்திரையை என்ன செய்ய என்று கேட்டோம். "வழக்கம்போலப் போடுங்க" என்றார்.

காலையில் என்ற ஆபரேஷன் மத்தியானத்துக்குத் தள்ளிப்போனது. அப்பாவுக்கு வேர்த்து ஊற்றி, கை நடுங்கி, பேச்சு குழறியது. சர்க்கரை ரொம்ப இறங்கியிருந்தது, அவசரமாக குளுக்கோஸ் ஏற்றினார்கள். அவர் போடுவது கிளிமிபிரைடு. பட்டினி வயிற்றில் அது சர்க்கரையைத் தாழ்த்திவிடும் என்பதால், ஆபரேஷன் அன்று காலை பொதுவாக நிறுத்தச் சொல்வார்கள். தண்ணீர் விஷயத்திலும் வரவேற்பில் சொன்னது சரியில்லை. சாப்பாட்டுக்கு 6 மணி நேரம், எண்ணெய்ப் பலகாரம், கறி என்றால் 8 மணி நேரம், வெறும் தண்ணீருக்கு 2 மணி நேரம் இடைவெளி என்பதுதான் மயக்க மருத்துவத்தில் பொதுவான கணக்கு. சர்க்கரை உள்ளவர்களுக்கு இது மாறலாம். அதனால்தான் மயக்க டாக்டரே ஆளைப் பார்த்துச் சொல்ல வேண்டும், வரவேற்பு மேஜை அல்ல.

அந்த டாக்டரை அப்பா முதன்முதலில் பார்த்ததே தியேட்டர் மேஜையில் வைத்துத்தான். "தாத்தா, முதுகை வளைங்க" என்றாராம், ஊசி இறங்கிவிட்டதாம். சம்மதப் படிவம் பில் கவுண்டரில் நீட்டப்பட்டது, முழுக்க ஆங்கிலத்தில். அப்பாவுக்குத் தமிழ் மட்டும்தான் வாசிக்க வரும். போதுமான விவரம் சொல்லி வாங்குவதுதான் சம்மதம் என்று உச்ச நீதிமன்றம் 2008-லேயே சமீரா கோலி வழக்கில் சொல்லியிருக்கிறது.

வார்டுக்கு வந்ததும் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏல, காலே இல்லாத மாதிரி இருக்குல" என்று அழுதார். எத்தனை பாரம் சுமந்த மனுஷர்! சில மணி நேரம் கால் மரத்துத்தான் இருக்கும், பிறகு சரியாகிவிடும் என்று முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தப் பயம் வந்திருக்காது.

உணர்வு திரும்பியதும் அனுப்பிவிட்டார்கள். சிறுநீர் போனதா என்று யாரும் கேட்கவில்லை. ராத்திரி வயிறு உப்பித் துடித்தார். அம்பை அரசு ஆஸ்பத்திரியில் டியூப் வைத்த பிறகுதான் உயிர் வந்தது. வயதான ஆண்களுக்கு, அதுவும் குடலிறக்க ஆபரேஷனுக்கு முதுகில் ஊசி போட்டால், சிறுநீர் அடைப்பது சகஜம் என்று அங்கே இருந்த சிஸ்டர் பொறுமையாகச் சொன்னார். காசு கொடுத்த இடத்தில் இதை யாரும் சொல்லவில்லை.

அப்புறம் பில்லை எடுத்துப் பார்த்தேன். "மயக்க மருத்துவ முன்பரிசோதனை" என்று தனியாகக் கட்டணம். நடக்காத பரிசோதனைக்குப் பணம்! டிஸ்சார்ஜ் தாள்களோடு இணைத்திருந்த கருத்துப் படிவத்தில், "மயக்க மருந்து பற்றி விளக்கப்பட்டதா?" என்ற கேள்விக்கு "ஆம், முழுத் திருப்தி" என்று டிக் அடித்திருந்தது. அப்பாவும் அடிக்கவில்லை, நானும் அடிக்கவில்லை. கேட்டால், "அது பேக்கேஜ்ல வர்றது சார்."

இப்படி ஒரு ஆபரேஷனுக்குத் தேதி வாங்கியிருந்தால், மயக்க டாக்டரை முன்னாடியே பார்க்க நேரம் கேளுங்கள். சர்க்கரை, பிரஷர், ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் மாத்திரை எல்லாவற்றையும் அட்டையோடு காட்டி, எதை எப்போது நிறுத்த என்று எழுதி வாங்குங்கள். முதுகில் ஊசியா, முழு மயக்கமா, பிறகு என்னென்ன வரும், ராத்திரி ஏதாவது என்றால் யாரை அழைக்க என்பதையும் கேளுங்கள். பார்க்க ஏற்பாடு செய்ய மாட்டோம் என்றால் வேறு ஆஸ்பத்திரி பாருங்கள். கருத்துப் படிவத்தை உங்கள் கையால் நிரப்புங்கள்.

கேஸ் ஷீட் நகல் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன். கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002 விதிமுறை சொல்கிறது. கெடு முடிந்தும் தரவில்லை. நலப்பணிகள் இணை இயக்குநருக்கு மனு போய்விட்டது, அடுத்தது நுகர்வோர் ஆணையம். இதே மாதிரி பில் வாங்கியவர்கள் அதைப் பத்திரமாக வைத்திருங்கள்.