எம்ஜிபி காருக்கு ஃபெண்டர் உள்தகடு செய்யக் கொடுத்து ஏமாந்தது

கோவை, திருப்பூர், பொள்ளாச்சிப் பக்கம் பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள், டிங்கரிங் வேலைக்கு வண்டியை விடும் முன் இதைப் படித்துவிடுங்கள். பட்டறையின் பெயரைப் போடப்போவதில்லை. செய்த வேலையை மட்டும் சொல்கிறேன்.

வண்டி 1967 எம்ஜிபி, பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். முன்சக்கரத்துக்குப் பின்னால், சக்கரத்தை மூடும் ஃபெண்டருக்குள் ஒரு தகடு நிற்கும். அதன் விளிம்பில் ரப்பர் பட்டை. சக்கரம் வாரியடிக்கும் சேறு கதவுத் தூண் பக்கம் போகாமல் தடுப்பது இவை இரண்டும்தான். ரப்பர் இற்றுப்போனால் சேறு பின்னால் புகுந்து, ஃபெண்டரின் அடியில் தங்கி, ஈரம் காயாமல் துரு ஏறும். இந்த வண்டிக்குத் தனிச் சேசிஸ் கிடையாது. கதவுக்குக் கீழே ஓடும் ஸில்தான் பாரம் தாங்குகிறது. அது அரித்தால் செலவு எங்கே போய் நிற்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

20 கேஜ் தகடு, இரண்டு பக்கமும் ஜிங்க் பிரைமர், வெயில் மழை தாங்கும் ஈபிடிஎம் ரப்பர், பழைய போல்ட் ஓட்டைகளிலேயே மாட்ட வேண்டும் என்று தாளில் எழுதியே கொடுத்தேன். "செட்டிபாளையம் ரேஸ் டிராக்குல ஓடற வண்டிக்கே நாமதானுங்க வேலை. விட்டுட்டுப் போங்க தம்பி" என்றார் முதலாளி. 18,000 ரூபாய், பாதி முன்பணம்.

வண்டி திரும்பி வந்தபோது வீல் ஆர்ச் முழுக்கக் கெட்டியாகக் கறுப்பு அண்டர்பாடி கோட்டிங். பார்க்க அம்சமாகத்தான் இருந்தது. மீதிப் பணமும் கொடுத்தாயிற்று.

அப்புறம் வால்பாறை போனேன். ஆழியாறிலிருந்து ஏறினால் 40 கொண்டை ஊசி வளைவுகள். ஸ்டீயரிங்கை முழுதாக ஒடிக்கும்போதெல்லாம் டயர் எதிலோ உரசும் சத்தம். மேலே நல்ல மழை. இறங்கி வருவதற்குள் பக்கத்து சீட்டின் கால் வைக்கும் இடம் நனைந்துவிட்டது.

வேறொரு டிங்கரிடம் காட்டினேன். ஸ்குரூடிரைவரால் கோட்டிங்கைச் சுரண்டினார். பிரைமர் என்பதே இல்லை. பக்கத்து லேத்திலிருந்து வெர்னியர் வாங்கி அளந்தால் தகடு அரை மில்லிமீட்டரைக் கொஞ்சம்தான் தாண்டுகிறது. 20 கேஜ் என்றால் 0.9 இருக்க வேண்டும். சந்துக்குச் சந்து லேத் ஓடும் ஊரில் இதை யாரும் அளக்க மாட்டார்கள் என்று பட்டறை முதலாளி நினைத்திருக்கிறார், அந்தத் துணிச்சலை என்ன சொல்ல! ரப்பருக்குப் பதில் டயர் டியூபை வெட்டிய பட்டை, விரல் நுழையும் இடைவெளியோடு. பழைய ஓட்டைகளை விட்டுவிட்டு நல்ல பாடியில் புதிதாகத் துளை போட்டுத் தானாக மரை வெட்டும் ஸ்குரூவை முடுக்கியிருக்கிறார். ஒவ்வொரு துளையைச் சுற்றியும் இப்போதே செம்பழுப்பு.

இதிலும் மோசம் சிலிக்கான். தண்ணீர் வடிய அடியில் விட வேண்டிய வழியையே அதை வைத்து அடைத்துவிட்டார். அதுவும் வினிகர் வாசம் அடிக்கும் மலிவு ரகம். இறுகும்போது அசிட்டிக் அமிலத்தை வெளியிடும் அந்த ரகம் இரும்பை அரிக்கும். காருக்கு அந்த அமிலம் விடாத நியூட்ரல் ரகம்தான் ஆகும்.

போய்க் கேட்டதற்கு, "உள்ள இருக்கறத யாருங்க தம்பி பாக்கப்போறாங்க?" என்றார். வேண்டுமானால் 2,000 குறைத்துக்கொள்கிறாராம். சரி, அளவுக்காகக் கொடுத்த ஒரிஜினல் தகடுகளையாவது கொடுங்கள் என்றேன். பழைய இரும்புக் கடைக்குப் போட்டுவிட்டாராம். இடது பக்கத்துத் தகடு துருவில் பாதி போயிருந்தது. வலது பக்கத்தது முழுசாக இருந்தது. பணத்தைவிட எனக்கு வயிறு எரிவது அதற்குத்தான்.

நீங்கள் கொடுப்பதாக இருந்தால் கோட்டிங் அடிக்கும் முன்பே ஒருமுறை போய், வெறும் தகட்டை அளந்து பாருங்கள். ஜாக்கி வைக்காமல், வண்டி தரையில் நிற்கும்போதே ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் கடைசி வரை ஒடித்து, டயருக்கும் பிரேக் ஹோஸுக்கும் இடம் இருக்கிறதா என்று கவனியுங்கள். பழைய சாமானைக் கையோடு வாங்கி வந்துவிடுங்கள்.

புது டிங்கர் ஃபெண்டரைக் கழற்றிவிட்டார், நல்லவேளை இதில் அது போல்ட்டில் நிற்பது. இப்போது வேலை மாதிரித் தகடு இல்லாமல் நிற்கிறது. கொங்குப் பக்கம் யாரிடமாவது எம்ஜிபி இருந்தால் சொல்லுங்கள், அட்டையும் பென்சிலும் எடுத்துக்கொண்டு நானே வந்து அளவு வரைந்துகொள்கிறேன்.