சைன்ஸ் சுக்கானா, ஏ-லெவல் பிஇயா, பேசாமல் பயாலஜியா?

ஐந்தாம் படிவ எஸ்.பி.எம். தேர்வு முடிவு வந்த வாரம் அக்கா மகள் பட்டர்வொர்த்திலிருந்து பூப்பந்து மட்டையும் கையுமாக வந்து இறங்கினாள். "மாமா, ஆறாம் படிவத்தில சைன்ஸ் சுக்கான் எடுக்கட்டுமா? பிரிட்டிஷ் ஏ-லெவல்லயும் பிஇ, அதாவது உடற்கல்வி, இருக்காமே?" மலாயில் அது விளையாட்டு அறிவியல்; தமிழில் சுக்கான் என்றால் கப்பலைத் திருப்புவது, பார்த்துத் திருப்பும்மா என்றேன். முறைத்தாள்.

இரண்டிலும் பாதி நேரம் திடலில்தான் என்று நினைத்திருந்தாள். பிரிட்டனில் ஏ-லெவல் பிஇ தேர்வு நடத்தும் ஏகியூஏ வாரியத்தையே எடுத்துக்கொள்வோம். தலா 2 மணி நேரத்தில் இரண்டு எழுத்துத் தேர்வுகள், அதற்கே 70 விழுக்காடு. மிச்சம் 30இல் சரிபாதி, ஆட்டத்தில் எங்கே பிசகுகிறது, எப்படித் திருத்துவது என்ற அலசலுக்கு. ஆக, என்னதான் பிரமாதமாக ஆடினாலும் ஆட்டத்துக்குக் கிடைப்பது 15தான். ஆறாம் படிவத் தேர்வான எஸ்.டி.பி.எம்.மிலும் செய்முறை உண்டு. ஆனால் உடலியக்கம், உளவியல் என்று எழுதித் தள்ள வேண்டியதுதான் அதிகம்.

சரி, சோதித்துப் பார்ப்போம் என்று ஒரு ஸ்மாஷ் அடிக்கச் சொன்னேன். நல்லவேளை, விளக்கு தப்பியது. "இந்த அடிக்குச் சக்தி எங்கிருந்து வந்தது?" முதல் சில விநாடி வேகத்துக்குத் தசையில் ஏற்கெனவே இருக்கும் ஏடிபி, கிரியேட்டின் பாஸ்பேட் என்ற சக்தி தரும் வேதிப்பொருள்கள். அது சுமார் 10 விநாடியில் தீர்ந்துவிடும். ரேலி நீண்டால் குளுக்கோஸை உடைக்க வேண்டும். மூன்று செட் தாக்குப்பிடிக்க ஆக்சிஜன் வேண்டும். "இது பயாலஜி ஆச்சே மாமா!" அதேதான். அதனால்தான் மூன்றாவது வழியையும் மேசைக்குக் கொண்டுவந்தேன்.

அதற்கு முன் ஏ-லெவல் கதையை முடித்துவிடுகிறேன். இங்கே தனியார் கல்லூரிகளில் பிஇ தேடினால் லேசில் கிடைக்காது. பெரும்பாலும் பிரிட்டிஷ் பாடத்திட்ட அனைத்துலகப் பள்ளிகளில்தான். கட்டணத்தைப் பார்த்து அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். எந்த விளையாட்டுக்கு மதிப்பெண் என்பதற்கும் ஒரு பட்டியல் உண்டு. பூப்பந்து இருக்கிறது, நிக்கோல் டேவிட்டின் ஸ்குவாஷ் இருக்கிறது. இவள் தம்பி சுற்றும் சிலம்பம் இல்லை. ஒன்று சொல்ல வேண்டும்: பிரிட்டனில் பல பல்கலைக்கழகங்கள் பிசியோதெரபிக்குப் பயாலஜிக்குப் பதிலாகப் பிஇயை ஏற்கின்றன. அங்கே போவது உறுதி என்றால் மட்டும் யோசிக்கலாம்.

எஸ்.டி.பி.எம். அரசாங்கத்துடையது, செலவு குறைவு. மூன்று செமஸ்டர், ஒன்றில் சறுக்கினால் திருப்பி எழுதலாம். கட்டாயப் பாடமான பெங்காஜியான் ஆமோடு (பொது அறிவுப் பாடம்) சைன்ஸ் சுக்கானும் தமிழும் சேர்த்தே எடுக்கலாம். ஆனால் எல்லா ஆறாம் படிவ மையத்திலும் சைன்ஸ் சுக்கான் கிடையாது, முதலில் அதை விசாரிக்க வேண்டும். அப்புறம் உப்சி, யுஐடிஎம், மலாயா பல்கலைக்கழகம் என்று விளையாட்டு அறிவியல் பட்டத்துக்கு இடங்கள் உண்டு. யுஎஸ்எம் பினாங்கில், பக்கத்திலேயே இருக்கிறதே என்று சந்தோஷப்பட வேண்டாம். அவர்களுடைய அந்தப் படிப்பு கிளந்தானில், குபாங் கிரியான் வளாகத்தில்.

உடற்கல்வி ஆசிரியர், பயிற்சியாளர் என்றால் நான் யோசிக்காமல் எஸ்.டி.பி.எம். சைன்ஸ் சுக்கான் என்பேன். பிசியோ என்றால் இங்கே அறிவியல் பாடங்களைத்தான் கேட்பார்கள். பயாலஜி எடுத்துவிட்டுச் சாயங்காலம் ஆடட்டும். ஆட்டம் வீண்போகாது. அரசாங்கப் பல்கலைக்கழக நுழைவுக்கான மெரிட் கணக்கில் 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கைக்குத்தான். பாடமாக எடுக்காமலே பூப்பந்துக்கு மதிப்பெண்!

"எனக்குப் பிசியோதான் மாமா, ஆனா கெமிஸ்ட்ரி…" என்று இழுத்தாள். எஸ்.பி.எம்.மில் அதில் சி. அடுத்த வாரம் பேசலாம் என்று மட்டையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.