பண்டிகைப் பெயர்: எடுப்பதா, சேர்ப்பதா?

பள்ளி நாள்காட்டியில் 'கிறிஸ்துமஸ் விடுமுறை' என்று போட்டால் மற்ற மதத்தவர் விடுபடுகிறார்கள். எனவே பெயரையே எடுத்துவிடலாம் என்பது ஒரு வழி. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அமெரிக்காவின் மேரிலாந்தில் மான்ட்கமரி கவுன்டி பள்ளி வாரியம் 2014 நவம்பரில் இதைத்தான் செய்தது. முஸ்லிம்கள் கேட்டது, யூதர்களின் யோம் கிப்பூர் பண்டிகை போல ஈத் பெயரையும் போடுங்கள் என்பதுதான். வாரியமோ ஈத்தைச் சேர்க்காமல், கிறிஸ்துமஸ், ஈஸ்டர், யூதப் பண்டிகைகள் எல்லாவற்றின் பெயரையும் அடித்துவிட்டது. லீவு நாட்கள் மட்டும் அப்படியே! கேட்டவர்களுக்கும் கிடைக்கவில்லை, இருந்தவர்களுக்கும் போனது.

நியூயார்க் நகரம் 2015 மார்ச்சில் வேறு வழியில் போனது: இரண்டு ஈத் பண்டிகைகளையும் (ரம்ஜான், பக்ரீத்) பள்ளி விடுமுறையாக அறிவித்தது. இதிலும் சிக்கல் உண்டு. ஒன்றைச் சேர்த்தால் அடுத்தவரும் கேட்பார். படிப்பு நாட்களுக்கு ஒரு கணக்கு இருக்கிறதே. ஆனாலும் என் ஓட்டு இதற்குத்தான். டிசம்பர் 25 அன்று கதவைப் பூட்டிவிட்டுக் காரணத்தை மட்டும் சொல்லாமல் விட்டால் யாருக்குத் தெரியாது? பல நாள் நீளும் விடுமுறைக்கு 'குளிர்கால விடுமுறை' என்பது சரி. அந்த ஒரு நாளுக்கு அதன் பெயரே இருக்கட்டும், ஈத்துக்கும் அப்படியே.